ஒரு வீட்டில் தொடங்கிய யாழ்ப்பாண நூலகம்

யாழ்ப்பாணப் பொது நூலகத்தை முதலில் தொடங்கியது அரசாங்கமல்ல. 1933இல் க.மு. செல்லப்பா தம் வீட்டிலேயே புத்தகங்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். ஊரார் கை கொடுத்தார்கள். 1934 ஆகஸ்டில் ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறையொன்றில் நூலகம் திறக்கப்பட்டபோது இருந்தவை 844 நூல்கள். அடுத்த ஆண்டே நகரசபை அதைப் பொறுப்பேற்றது.

வாசகர் பெருக, அறை போதவில்லை. புதிய கட்டடத்துக்கு நிதி திரட்டக் களியாட்ட விழா நடத்தினார்கள்; வேடிக்கை பார்க்க வந்தவர்களின் சில்லறையும் இந்தச் சுவர்களில் இருக்கிறது. கத்தோலிக்கக் குருவான லோங் அடிகளார் முன்னின்று உழைத்தார். நூலகத்துறை மேதை எஸ்.ஆர். ரங்கநாதன் ஆலோசனை சொன்னார். சென்னைக் கட்டடக் கலைஞர் வி.எம். நரசிம்மன் திராவிடப் பாணியில் வரைந்தார். 1959இல் கட்டடம் திறக்கப்பட்டது.

மாவட்ட சபைத் தேர்தல் நெருங்கியிருந்த 1981 மே 31ஆம் தேதி, தேர்தல் கூட்டமொன்றில் பொலிஸார் சுடப்பட்டனர். அதையடுத்து வெறியாட்டம் மூண்டது. பொலிஸாரும் குண்டர்களும் சேர்ந்து வைத்த தீயில் நூலகம் எரிந்தது. சுமார் 97,000 நூல்கள் போயின. அச்சேறிய நூலுக்கு வேறெங்காவது இன்னொரு பிரதி கிடைக்கலாம். ஒற்றைப் பிரதியாக இருந்த ஓலைச்சுவடிக்கு அந்த வாய்ப்பும் இல்லை. இழப்பின் உண்மையான கனம் அங்கேதான். பன்மொழிப் புலவர் தாவீது அடிகள் புனித பத்திரிசியார் கல்லூரியிலிருந்து அந்தத் தீயைக் கண்டு, அதிர்ச்சியில் உயிர் நீத்தார்.

பின்னர் திருத்திய கட்டடத்தை உள்நாட்டுப் போர் மீண்டும் சிதைத்தது. 1998இல் தொடங்கிய புனரமைப்புக்குப் பிறகு, பழைய தோற்றம் மாறாமல் எழுந்த நூலகத்தில் மாணவர்கள் இப்போது பரீட்சைக்குப் படிக்கிறார்கள்.