டி.எஸ்.எல். மொடம்: வாங்குவதற்கு முன்னும் இணைக்கும்போதும்

வீட்டுக்குக் கூரை போட்டு மின்சாரமும் எடுத்த பின்னர், பிள்ளைகளின் படிப்புக்காகவும் வெளிநாட்டில் உள்ள உறவுகளுடன் கதைப்பதற்காகவும் இணைய வசதி எடுக்க நினைக்கிறீர்கள். கையில் ஒரு பழைய கணனியும் இருக்கலாம். நறுவிலிக்குளத்திலும் அயல் கிராமங்களிலும் மீளக்குடியேறிய குடும்பங்களிடம் நாங்கள் முதலில் சொல்வது இதுதான்: மொடத்தை இப்போதே வாங்க வேண்டாம். முதலில் தொலைபேசிக் கம்பியைப் பற்றி விசாரியுங்கள்.

டி.எஸ்.எல். என்பது வீட்டுக்கு வரும் செப்புத் தொலைபேசிக் கம்பியிலேயே இணையத்தையும் அனுப்பும் முறை. நாம் கதைக்கும் குரல் அந்தக் கம்பியில் 4 கிலோஹேர்ட்சுக்குக் கீழே போகிறது. இணையம் அதற்கு மேலே, ஏறத்தாழ 25 கிலோஹேர்ட்சிலிருந்து தொடங்கும் அலைவரிசையில் போகிறது. இரண்டும் கலக்காதபடியால் இணையம் ஓடும்போதே தொலைபேசியிலும் கதைக்கலாம்.

ஆகவே கம்பி இல்லாவிட்டால் டி.எஸ்.எல். இல்லை. இங்குதான் பலர் ஏமாறுகிறார்கள். சிறிய அன்டெனாவுடன் மேசையில் வைக்கும் தொலைபேசியும் பார்வைக்கு வீட்டுத் தொலைபேசி போலவே இருக்கும். ஆனால் அது கோபுரத்திலிருந்து வானலையில் வேலை செய்வது. அதன் பின்னால் டி.எஸ்.எல். மொடத்தைச் செருகிப் பயனில்லை. அப்படியான தொலைபேசி மட்டும் உள்ள வீட்டுக்கு, கைத்தொலைபேசி நிறுவனங்கள் தரும் யூ.எஸ்.பி. டொங்கிள் போன்ற வானலை இணைப்புப் பொருந்தும்.

கம்பி இருந்தாலும் தூரத்தையும் பார்க்க வேண்டும். டெலிகொம் எக்ஸ்சேஞ்சிலிருந்து, அல்லது அந்த நிறுவனம் வீதியோரம் வைத்துள்ள பெட்டியிலிருந்து, உங்கள் வீடு வரை கம்பி ஓடும் தூரம் கூடக் கூட வேகம் குறையும். ஏ.டி.எஸ்.எல்.2 பிளஸ் முறையில் ஆகக்கூடிய வேகம் நொடிக்கு 24 மெகாபிட். அது எக்ஸ்சேஞ்சுக்கு மிக அருகில் உள்ளவர்களுக்குத்தான். 5 கிலோமீற்றரைத் தாண்டினால் இணைப்பே பெரும்பாலும் நிலைக்காது. மன்னார் நகரிலிருந்து நேரே வரும் கம்பி இங்கே சரிவராது. கிட்டிய இடம் ஒன்றிலிருந்து வர வேண்டும். எனவே ஸ்ரீலங்கா டெலிகொம் அலுவலகத்திற்குப் போய், அல்லது 1212 இலக்கத்துக்கு அழைத்து, "எங்கள் வீட்டுக் கம்பியில் புரோட்பான்ட் தரமுடியுமா, என்ன வேகம் கிடைக்கும்?" என்று கேளுங்கள். இடம்பெயர முன்னர் உங்கள் பெயரில் தொலைபேசி இருந்திருந்தால் அந்தப் பழைய இலக்கத்தையும் சொல்லி, நிலுவை ஏதும் உள்ளதா என்று அறிந்துகொள்ளுங்கள். தேசிய அடையாள அட்டையையும் கிராம அலுவலரின் வதிவிடச் சான்றிதழையும் கையில் கொண்டுபோனால் இரண்டாம் முறை பஸ் ஏறத் தேவை வராது.

முடியும் என்று பதில் வந்த பின்னரே மொடம். சேவையுடன் சேர்த்துத் தருகிறார்களா என்று முதலில் கேளுங்கள். கடையில் வாங்குவதாயின் ஏ.டி.எஸ்.எல்.2 பிளஸ் என்று எழுதியிருப்பதை எடுங்கள். யூ.எஸ்.பி. வழியாக மட்டும் இணையும் மொடம் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அதற்குக் கணனியில் டிரைவர் மென்பொருள் ஏற்ற வேண்டும். அந்த சீ.டி. தொலைந்தால் மொடமும் கிடப்பில்தான். ஈதர்நெற் துளை உள்ள மொடத்துக்கு மென்பொருள் எதுவும் தேவையில்லை. ஒரே கணனி என்றால் ஒரு துளை போதும். வைஃபை உள்ளதற்குக் கூடக் கொடுப்பது, வீட்டில் மடிகணனியும் இருந்தால் மட்டும்.

தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பியவர்கள் சிலர், அங்கே பி.எஸ்.என்.எல். இணைப்பில் பாவித்த மொடத்தைக் கொண்டுவந்திருக்கலாம். அதை எறிந்துவிடாதீர்கள். ஒரே நிறுவனத்துக்கென்று பூட்டப்படாத மொடமாயின் இங்கும் வேலை செய்யும். அமைப்புப் பக்கத்தில் இரண்டு எண்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பி.எஸ்.என்.எல்.லில் வி.பி.ஐ. 0, வி.சி.ஐ. 35. ஸ்ரீலங்கா டெலிகொம்மில் வி.பி.ஐ. 8, வி.சி.ஐ. 35. அந்த 0-ஐ 8 ஆக்காததால் "மொடம் பழுது" என்று புதிதாக வாங்குவது வீண் செலவு. இரு நாட்டிலும் மின்சாரம் 230 வோல்ட் என்பதால் அதில் பயமில்லை. மொடத்தின் சொந்த அடாப்டர் பயணத்தில் தொலைந்திருந்தால் மட்டும் கவனம்: சில மொடங்களுக்கு 9 வோல்ட், சிலவற்றுக்கு 12 வோல்ட். அடியில் ஒட்டியுள்ள தாளைப் பார்த்தே மாற்று வாங்குங்கள்.

இணைப்பது கடினமில்லை. சுவரில் இருந்து வரும் தொலைபேசி வயரை ஸ்பிளிற்றர் என்னும் சிறு பெட்டியின் "லைன்" துளையில் செருகுங்கள். "போன்" துளையிலிருந்து தொலைபேசிக்கு ஒரு வயர், "மொடம்" துளையிலிருந்து மொடத்துக்கு இன்னொரு வயர். வீட்டில் இரண்டாவது தொலைபேசி வேறு அறையில் இருந்தால் அதற்கும் தனியாக ஒரு ஃபில்டர் போட வேண்டும். போடாவிட்டால் கதைக்கும்போது இரைச்சல் கேட்கும், இணையமும் அடிக்கடி அறும். பின்னர் மொடத்தின் ஈதர்நெற் துளையையும் கணனியின் பின்புறத் துளையையும் சற்று அகலமான கேபிளால் இணைத்து, கடைசியாக மின்சாரம் கொடுங்கள்.

இனி மொடத்தின் விளக்குகளைப் பாருங்கள். பணம் மிச்சமாவது இந்த இடத்தில்தான். டி.எஸ்.எல். விளக்கு முதலில் மினுங்கும், ஓரிரு நிமிடத்தில் மினுங்காமல் எரிய வேண்டும். தொடர்ந்து மினுங்கினால் கோளாறு கம்பியில்: ஸ்பிளிற்றரைக் கழற்றிவிட்டு மொடத்தை நேரே சுவர்த் துளையில் செருகிப் பாருங்கள். அப்போதும் மினுங்கினால் உங்கள் கணனியைத் திருத்தக் கொடுப்பதில் பயனில்லை, நிறுவனத்துக்கே அறிவியுங்கள். டி.எஸ்.எல். விளக்கு நிலையாக எரிந்தும் இன்டர்நெற் விளக்கு எரியாவிட்டால் கம்பி நல்லது, பயனர் பெயரோ கடவுச்சொல்லோ பிழை. கணனி பிரவுசரில் மொடத்தின் முகவரியை (பெரும்பாலும் 192.168.1.1, அடித்தாளில் இருக்கும்) தட்டச்சு செய்து உள்ளே போய், இணைப்பு வகை பி.பி.பி.ஓ.ஈ. என்று தெரிவுசெய்து, நிறுவனம் தந்த பயனர் பெயரை எழுத்துப் பிசகாமல் இடுங்கள். இரண்டு விளக்கும் எரிந்தும் பக்கம் திறக்கவில்லையா? அப்போதுதான் கணனியைச் சந்தேகிக்கலாம். விண்டோஸில் நெற்வேர்க் அமைப்பில் ஐ.பி. முகவரி "தானாகப் பெறுக" என்றிருக்க வேண்டும். பழைய உரிமையாளர் வேறு எண் போட்டு வைத்திருப்பது இரண்டாம்கைக் கணனிகளில் வழமை.

வைஃபை மொடமாயின் அதே பக்கத்தில் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். மாதப் பொதியில் அளவு குறிக்கப்பட்டிருக்கும், அயலவர் பாவித்தாலும் அது உங்கள் கணக்கில்தான் குறையும்.

கடற்கரைக் காற்றில் உப்பு உண்டு. சுவர்ப் பெட்டியின் செப்பு முனைகள் பச்சை பிடித்தால் வேகம் விழும், அவற்றைச் சுத்தம் செய்விக்கவும். ஐப்பசி, கார்த்திகையில் இடி தொடங்கும்போது மின் பிளக்கை மட்டும் கழற்றுவது போதாது. மின்னல் தொலைபேசிக் கம்பி வழியாகவும் வந்து மொடத்தையும் கணனியையும் சேர்த்து எரித்துவிடும். அந்த வயரையும் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். இடி முழங்கும் நேரத்தில் அதைத் தொடாமல், வானம் இருட்டத் தொடங்கும்போதே செய்யுங்கள்.