செராய் எண்ணெய்: வயலுக்கா, கூடைக்கா?

சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் பக்கம் மிளகாய் போட்டவர்களுக்குப் பழ அழுகல் நோய் புதிதல்ல. காயில் குழிந்த புள்ளி விழும். அதற்குள் வளையம் வளையமாகக் கருமணிகள். ஈரம் மிகுந்தால் இளஞ்சிவப்புப் பசை. கொலட்டோட்ரைக்கம் என்ற பூசணத்தின் வேலை இது. மழைத்துளி தெறித்துத்தான் செடிக்குச் செடி பரவும் என்பதால் அக்டோபர், நவம்பர் மழையில் அதற்குக் கொண்டாட்டம். வழக்கமாக அடிக்கும் மான்கோசெப் மருந்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. அதனால் செராய், கிராம்பு, இலவங்கப்பட்டை எண்ணெய்களின் பேச்சு பலமாகிவிட்டது. பேச்சில் உண்மை உண்டு. ஆனால் அந்த எண்ணெய்க்கு ஏற்ற இடம் வயல் அல்ல, பறித்த காய் கிடக்கும் கூடை என்பதே என் கட்சி.

செராயில் உள்ள சிட்ரால், பூசணத்தின் கொழுப்புச் சவ்வுக்குள் புகுந்து அதை ஓட்டையாக்குகிறது. உள்ளிருப்பது கசிந்து பூசணம் சாகிறது. ஆய்வுக்கூடத்து மூடிய தட்டில் ஆவி வெளியேற வழியில்லை, அதனால் பலன் பிரமாதம். திறந்த வயலிலோ வெயிலில் ஆவி பறந்துவிடும், மிஞ்சியதை மழை கழுவிவிடும். அளவைக் கூட்டினால் இலை கருகும். கூடையின் கதை வேறு. இந்தப் பூசணம் பச்சைக் காயிலேயே புகுந்து, பழுக்கும்வரை சத்தமின்றிக் கிடக்கும் இனம், பல காய்களில் பறித்தபின்தான் தலைகாட்டும். மலேசிய ஆய்வாளர்கள் 2011இல் 10% கருவேலம்பிசினுடன் 0.4% இலவங்கப்பட்டை எண்ணெய் கலந்து வாழை, பப்பாளிப் பழங்களுக்குப் பூசி, இதே இனப் பூசணத்தை நன்றாகக் கட்டுப்படுத்தினார்கள். குடைமிளகாய்க்கு, இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானும் செராய் எண்ணெயும் சேர்ந்த பூச்சு பற்றிய ஆய்வு 2015இல் வந்தது. பூச்சு, ஆவியைக் காயோடு பிடித்துவைக்கிறது.

தேயிலை மர எண்ணெயில் செய்த டிமோரெக்ஸ் கோல்ட் பல நாடுகளில் வயலிலேயே அடிக்கப்படுகிறதே என்பார்கள். சரிதான். ஆனால் அது எண்ணெயைத் தண்ணீரில் நிலைக்கவைத்துத் தொழிற்சாலையில் செய்த சரக்கு. கடைப் புட்டியைத் தொட்டித் தண்ணீரில் கலக்கினால் எண்ணெய் மேலேதான் மிதக்கும். நோய் வயலில்தானே தொற்றுகிறது என்ற கேள்விக்குப் பதில் எண்ணெயில் இல்லை: நல்ல விதை, அழுகிய காயை உடனே பொறுக்கி அகற்றுதல், தெறிப்பைத் தடுக்க மண்ணுக்கு மூடாக்கு, வசதி இருந்தால் மழைக்கூரை. இயற்கைச் சரக்குக்குச் சட்டம் எதற்கு என்பவர்களும் உண்டு. பூசணத்தைக் கொல்லும் என்று சொல்லி விற்பதானால், செராயானாலும் மலேசியாவின் 1974ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும்.