கீழோட்டின் இயல்பும் அயற்கற்களின் சான்றும்

சாட்டிக் கடற்கரையிலோ அதனையடுத்த தீவகக் கிராமங்களிலோ நிலத்தை அகழ்வார் காண்பன மணலும் சுண்ணக்கல்லுமே. மயோசீன் காலத்திற் கடலடியிற் படிந்தது இச்சுண்ணக்கல். ஆதலின் தீவகத்து அடுக்களையிற் கரிய அம்மியொன்றைக் காண்பவர் அஃது அயலிடத்துக் கல் என்று ஐயமின்றிக் கூறலாம். எரிமலைப் பாறைகளினுள்ளும் இத்தகைய அயற்கற்கள் உள. கீழிருந்து விரைந்தெழும் பாறைக்குழம்பு வழியிலுள்ள பாறையை உடைத்து, அத்துண்டுகள் உருகுமுன் அவற்றை மேலே சுமந்து வந்துவிடுகின்றது.

இத்துண்டுகளை அறிஞர் பெரிதும் மதிப்பதற்குக் காரணம் உண்டு. கண்டங்களின் புவியோடு சராசரியாக 40 கிலோமீற்றர் தடிப்புடையது. மாந்தர் துளைத்தவற்றுள் மிக ஆழமான துளை, இரசியாவின் கோலாக் குடாநாட்டில் 1989ஆம் ஆண்டில் 12,262 மீற்றரை எட்டி நின்றது. அதற்கும் கீழுள்ள பகுதியைப் பற்றி நிலநடுக்க அலைகள் ஓரளவு அறிவிக்கும். கீழோட்டில் அவை செக்கனுக்கு ஏறக்குறைய 7 கிலோமீற்றர் வேகத்திற் செல்கின்றன. ஆயின் வேகம் பாறையின் பெயரைச் சொல்லாது. சேர்க்கையால் வேறுபட்ட பாறைகள் ஒரே வேகத்தைத் தருதலும் கூடும். கல்லே கையிற் கிடைப்பின் அதன் கனியங்களைப் பகுத்து, அது தங்கியிருந்த அமுக்கத்தையும் வெப்பத்தையும் கணித்தல் இயலும்.

நமக்கு அண்மையில் இத்தகைய கற்கள் கிடைக்குமிடம் மும்பைக்குத் தெற்கேயுள்ள முருட்-சஞ்சிராக் கரையாகும். தக்கணத்து எரிமலைக் காலத்தை ஒட்டி, பிளவுகளில் நிரம்பி உறைந்த குழம்புச் சுவர்கள் அங்கே கீழோட்டுத் துண்டுகளைத் தாங்கி நிற்கின்றன. உலகின் பல பாகங்களிலும் கிடைத்த இத்தகைய துண்டுகளிற் பெரும்பாலானவை கரியன, கனத்தன, சிலிக்கா குறைந்தன.

இனி, இலங்கையின் மத்திய மலைநாடு வேறொரு சாட்சி. கண்டி, மாத்தளை, நுவரெலியாப் பகுதிகளிற் காணும் பாறைகள் ஏறத்தாழ 55 முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன், கண்டங்கள் மோதிய காலத்தில், கீழோட்டின் ஆழத்தில் வெந்து உருமாறியவை. அவற்றுள் ஒன்றாகிய சாணக்கைற்றின் பெயர் வரலாறு சுவையானது. யோப் சாணக் என்பாரின் கல்கத்தாக் கல்லறையில் இருந்த கல்லை ஆராய்ந்து, தோமசு ஒல்லாந்து 1893இல் இப்பெயரை இட்டார். வண்டல் நிலமாகிய கல்கத்தாவுக்கு அதுவும் ஓர் அயற்கல்லே. சென்னையை அடுத்த பரங்கிமலை, பல்லாவரம் ஆகிய இடங்களில் அவ்வினப் பாறை மிகுதியாக உண்டு.

இம்மலைநாடு போன்ற நிலப்பரப்புகளைச் சராசரி பார்ப்பின், அயற்கற்களைவிடச் சிலிக்கா மிகுந்தே காணப்படும். இருவகைச் சான்றும் கீழோட்டிலிருந்தே வந்தன. எனினும் கூற்று ஒன்றல்ல. எதனை நம்புவது?

அம்மிக்கு உரிய கல்லைத் தேர்ந்தே கொணர்வர். அவ்வம்மி ஒன்றைக்கொண்டு அது பிறந்த நாட்டின் மண் முழுவதையும் அறியமுடியாது. குழம்பும் தேர்ந்தே கொணர்கின்றது. புவியோட்டின் அடித்தளத்திலே தேங்கும் குழம்பு அவ்விடத்துப் பாறையையே மிகுதியாகப் பற்றும். சிலிக்கா மிகுந்த துண்டுகள் எளிதில் உருகிக் கரைவதால் கரிய துண்டுகளே எஞ்சும். மலைநாட்டுச் சான்றும் குறைபாடுடையதே. அங்கு பளிங்குக்கல்லும் படிகக்கற்பாறையும் உள்ளன. இவை ஒருகாலத்தில் நிலமேற்பரப்பிற் சுண்ணமாகவும் மணலாகவும் படிந்து, மோதலால் ஆழத்திற்குத் தள்ளப்பட்டவை. மேலும் அப்பாறைகள் மேலே வந்தபின்னும் மலைநாட்டின் கீழே ஏறக்குறைய 35 கிலோமீற்றர் ஓடு இன்றும் இருக்கின்றது. ஆகவே அவை அந்நாளைய தடித்த ஓட்டின் நடுப்பகுதியையே காட்டும் எனக் கொள்ளுதல் பொருத்தம் என்பது என் கருத்து.

உரொபேட்டா இரட்னிக்கும் தேவிட் பவுண்டனும் 1995இல் அலைவேகத்தையும் கற்களையும் ஒருங்கு நோக்கி, கீழோட்டின் சிலிக்கா ஏறத்தாழ 52 சதவீதம் எனவும், நடுவோடு அதனினும் சிலிக்கா மிக்கது எனவும் கணித்தனர். இக்கணிப்பே பெரிதும் எடுத்தாளப்படுகின்றது. ஆயினும் பிராட்லி அக்கரும் அவர்தம் துணைவரும் 2011இல் இதனை மறுத்தெழுதினர். கண்டமோதலில் அமிழும் படிவுப் பாறைகள் இலேசானவையாதலின் மீண்டும் எழுந்து ஓட்டின் அடியில் ஒட்டிக்கொள்ளும் என்பதும், அதனாற் கீழோட்டில் சிலிக்கா மிகுதியாயிருத்தல் கூடும் என்பதும் அவர் வாதம். அமிழ்ந்து மீண்ட படிவுகளை நேரே காணவிரும்புவார் மாத்தளையின் பளிங்குக்கற் பாறைகளைச் சென்று பார்க்கலாம்.