மலைச் சரிவில் வீடு கட்ட ஏன் அனுமதி இல்லை?

(பி.எஸ்ஸி. தாவரவியல், இரண்டாம் ஆண்டு)

சென்ற ஆண்டு எங்கள் வீட்டிற்கு ஓர் அரசுக் கடிதம் வந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. ஆதலால் அதைப் படித்துச் சொல்லும் பொறுப்பு என்னுடையதாயிற்று. தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்புறம், ஓடையோரமாக அண்ணனுக்கு ஒரு வீடு கட்ட அப்பா கேட்டிருந்த அனுமதி மறுக்கப்பட்டிருந்தது. காரணம் ஒரே வரிதான்: செங்குத்தான சரிவு, நீரோடை அருகாமை.

"பாட்டன் காலத்து நிலம். இதுல கட்டக் கூடாதுன்னு சொல்ல இவங்க யாருடா?" என்றார் அப்பா. வீடு முடிந்ததும் கல்யாணம் என்று பெண் வீட்டாரிடம் சொல்லியிருந்தோம். அன்று எனக்கும் பதில் தெரியவில்லை. பிறகு படித்தும் கேட்டும் அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

நீலகிரியின் பாறை சார்னோகைட் என்னும் கடினமான பாறை. ஆனால் அதன் மேற்பகுதி நெடுங்காலமாகச் சிதைந்து, பல இடங்களில் ஆழமான மண்ணாகக் கிடக்கிறது. சரிவின் அடிமண் தாங்குவதால்தான் மேல்மண் நிற்கிறது. உருளைக்கிழங்கு மூட்டை அடுக்கில் அடிமூட்டையை உருவினால் என்னவாகும்? சமதளம் வேண்டி நாம் சரிவை வெட்டுவதும் அதுவே. மழைநீர் உள்ளே இறங்கி மண் துகள்களுக்கு இடையே நிறைந்தால் அவற்றின் பிடிப்பு தளர்ந்துவிடும். கழிவறைக் குழியின் நீரும் ஆண்டு முழுவதும் அங்கேதான் இறங்குகிறது. இதை யாரும் நினைப்பதில்லை. தடுப்புச் சுவர் போதாதா என்று அப்பா கேட்டார். நீர் வெளியேறத் துளை விடாத சுவரைப் பின்னால் தேங்கும் நீரே தள்ளிவிடும்.

சோலைக்காடும் புல்வெளியும் ஓடையோரச் சதுப்பும் மழைநீரை மெல்ல உறிஞ்சி மெல்ல விடுபவை. சதுப்பை மண் கொட்டி மூடினால் மழையில் வெள்ளம், கோடையில் வறட்சி.

1993 நவம்பரில் மரப்பாலத்தில் மண் சரிந்து உயிர்கள் போயின. 2009 நவம்பரில் மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது.

இதற்காகத்தான் 1990-ல் 'ஹாகா' எனப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் அமைந்தது. மனைப்பிரிவு போன்ற பெரிய பணிகளுக்கு வேளாண்மைப் பொறியியல், புவியியல் மற்றும் சுரங்கம், வனம் ஆகிய துறைகளின் கருத்தைக் கேட்டே முடிவு செய்கிறார்கள். 1993-ல் மலைநகரங்களுக்கெனத் தனிக் கட்டட விதிகளும் வந்தன.

"விதியெல்லாம் நமக்குத்தானா? பெரிய பெரிய விடுதிக்கு இல்லையா?" என்பது அப்பாவின் அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. மசினகுடிப் பக்கம் யானை வழித்தடத்தில் இருந்த விடுதிகள் பலவற்றிற்கு 2018-ல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி சீல் வைத்தார்கள். வழித்தட அறிவிப்பு செல்லும் என்று 2020-ல் தீர்ப்பும் வந்தது. ஆனால் அவை கட்டி முடிந்து வாடகை பார்த்த பின்னர் அல்லவா? எங்கள் வீட்டிற்கோ வானம் தோண்டும் முன்பே மறுப்பு. மண் வெட்டுமுன் மறுப்பதே சரி என்று நான் இப்போது நம்புகிறேன். அதை எல்லாருக்கும் அவ்வாறே செய்ய வேண்டும். அந்த ஒரு வரியை எழுதியவர் ஒரு நாள் எங்கள் ஓடைக்கரையில் நின்று அப்பாவுக்குக் கைகாட்டிச் சொல்லியிருந்தால், நான் இவ்வளவு படிக்க நேர்ந்திராது!

அண்ணன் திருமணம் தை மாதம் நடந்தது. பழைய வீட்டின் முன்னறையைப் பலகையால் தடுத்து அவர்களுக்குக் கொடுத்திருக்கிறோம். சாலையோரம் சமமான மனைகள் இருக்கின்றன. அவற்றின் விலை எங்களுக்கு எட்டவில்லை.