ஆடல் மறைந்தும் அழியாத இசை

ஆடலைக் கண்டோர் ஆடினாரைப் போற்றுவர். அவ்வடிகளுக்கு உயிரூட்டிய இசைஞரை மறப்பர். உதயசங்கரின் புகழ் உலகறிந்தது. அவர் குழுவின் ஆடல்களுக்கு இசை வகுத்த விஷ்ணுதாஸ் சிராலியை நம்முள் அறிந்தார் எத்துணையர்?

1937ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் விக்டர் நிறுவனத்தார் அக்குழுவின் இசையைத் தட்டுகளிற் பதிவு செய்தனர். ஒரு பக்கம் சுழல்வது மூன்று நான்கு நிமிடங்களே. இராகம் விரிதலும் தாளம் விரைதலும் அச்சிறு எல்லைக்குள் நிறைவுறல் வேண்டும். பின்னர், 1948இல் வெளிவந்த ‘கல்பனா’ திரைப்படம் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் உருவாயிற்று. அதற்கும் இசை சிராலியே.

லிந்துலையின் பனி மாலைகளில் அத்தட்டுகளின் மறுபதிவை யான் கேட்பதுண்டு. ஆடுவார் கண்முன் இல்லை. ஆயினும் அடிவைப்பு செவிக்குப் புலனாகின்றது. குழலும் யாழும் தண்ணுமையும் முழவும் ஒன்றன்வழி ஒன்று இயைவதைச் சிலப்பதிகார அரங்கேற்று காதை விரித்துரைக்கும். அப்பல்லிய ஒழுங்கின் இன்பத்தை ஈண்டு சிதாரும் சரோடும் குழலும் தபலாவும் தருகின்றன. கூத்துக்குத் துணையாய்ப் பிறந்த இசை, கூத்தின்றியும் தனித்து நிற்கின்றது. தட்டு இன்றேல் அஃது என்றோ காற்றிற் கரைந்திருக்கும்.

நம் தோட்டங்களிலும் மாசியிற் காமன் கூத்து நிகழ்கின்றது. ரதியாகவும் மதனாகவும் ஆடுவாரை ஊர் நினைவிற் கொள்ளும். இரவெல்லாம் தப்பு முழக்குவாரை யார் குறித்து வைத்தார்? அன்பர்களே, அவர்தம் முழக்கையும் பதிவு செய்வீர். பெயரையும் உடன் எழுதி வைப்பீர்.