வெடிப்பலாவும் பருவமழையும்: தென்கோடி மழைக்காடுகளில் விதை விளைச்சலும் விதையுண்ணலும்

முன்னுரை

ஒரு காட்டின் எதிர்காலத்தை விளையும் விதைகளின் எண்ணிக்கை மட்டும் தீர்மானிப்பதில்லை. அவற்றுள் எத்தனை உண்ணப்படாமல் எஞ்சுகின்றன என்பதும் தீர்மானிக்கிறது. விதை விளைச்சல், விதையுண்ணல் ஆகிய இரண்டிற்கும் காலநிலையோடுள்ள உறவு மிதவெப்ப நாடுகளின் ஓக் காடுகளில் விரிவாக ஆராயப்பட்டுள்ளது. தென்னிந்திய மலைகளில் ஓக் இயற்கையாக வளர்வதில்லை. ஆகவே, கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களின் மலை எல்லையில் வளரும் வெடிப்பலா மரத்தை முன்வைத்து, அவ்வுறவு இங்கு எவ்வாறு வேறுபடுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஓக் காடுகள் காட்டும் நெறி

ஓக் மரத்தில் மகரந்தச் சேர்க்கை காற்றால் நிகழ்கிறது. இளவேனிலில் வெப்பமும் வறட்சியும் அமைந்தால் மகரந்தம் எளிதில் பரவும்; பின்பனி உறைந்தால் பூக்கள் கருகும். ஒரே வானிலை பரந்த நிலப்பரப்பைப் பாதிப்பதால் பல மரங்கள் ஒருசேரக் காய்க்கின்றன, அல்லது ஒருசேரப் பொய்க்கின்றன. பொய்த்த ஆண்டுகளில் எலிகளும் விதைத்துளைக்கும் வண்டுகளும் உணவின்றிக் குறைகின்றன. அடுத்து வரும் பெருவிளைச்சலை அவற்றால் உண்டு தீர்க்க இயலாது. இதனை 'உண்ணிகளின் தெவிட்டல்' எனலாம்.

டேனியல் ஜான்சன் 1976இல் இக்கருத்தைக் கொண்டு மூங்கிலின் பூப்பை விளக்கினார். ஆயின் மூங்கில் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை தன் உள்ளியல்பான காலக்கணக்கின்படி பூப்பது; ஓக்கின் விளைச்சலோ அந்தந்த ஆண்டின் வானிலையைச் சார்ந்தது. எனவே பெருவிளைச்சல் அனைத்திற்கும் வானிலையே காரணம் எனக் கொள்ளலாகாது.

வெடிப்பலாவின் தனித்தன்மை

வெடிப்பலா அகத்தியமலைத் தொடரின் பசுமைமாறாக் காடுகளில் ஓங்கி வளரும் மரம். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் இக்காடுகளில், ஆண்டின் தொடக்கத்தில் மழை குறையும் மாதங்களில் இது பூக்கிறது. பூவில் அல்லி இதழ்கள் இல்லை. சதைப்பற்றுள்ள புல்லிக்குழல் விலங்குகளுக்கு உணவாகிறது. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்திற்குட்பட்ட காக்காச்சியில் டி. கணேஷ், பிரியா டேவிதார் ஆகியோர் இம்மரத்தின் பூப்பையும் மரவாழ் முதுகெலும்பிகள் அதன் பூக்களை உண்பதையும் ஆராய்ந்து 1997இல் வெளியிட்டனர்.

பூவை நாடும் பாலூட்டிகள் மகரந்தத்தையும் கொண்டு செல்கின்றன. பின்னர் முள் நிறைந்த காய்களைப் பிளந்து, அவை முற்றி வெடிக்குமுன்பே சோலைமந்தி விதைகளை உண்கிறது. ஓக்கில் மகரந்தத்தைச் சுமப்பது காற்று, விதையை உண்பது விலங்கு. இங்கு இவ்விரு பணிகளிலும் மரவாழ் பாலூட்டிகளே ஈடுபடுகின்றன. ஆகவே காலநிலை பூவை நேரடியாக மட்டும் தாக்குவதில்லை. காட்டில் வேறு உணவு எவ்வளவு கிடைக்கிறது என்பதன் வழியாகவும் செயற்படக்கூடும்.

ஆய்வு முறைக்குரிய விளைவு

இதனால், மழையளவையும் விதை எண்ணிக்கையையும் மட்டும் ஒப்பிடுவது இங்குப் போதாது. பூப்பு, காய்ப்பு, பிற மரங்களின் பழப்பருவம், விலங்குகளின் வருகை ஆகிய நான்கையும் அதே மரங்களில் பல ஆண்டுகள் சேர்த்துப் பதிவுசெய்தல் வேண்டும். உதிராமுன் உண்ணப்படும் விதைகளையும், உதிர்ந்தபின் உண்ணப்படுவனவற்றையும் தனித்தனியே கணக்கிடுதலும் வேண்டும்.

முடிவுரை

சோலைமந்தியை விதையழிக்கும் விலங்காக மட்டும் கருதினால், மகரந்தச் சேர்க்கையில் மரவாழ் பாலூட்டிகளுக்குள்ள பங்கு மறைந்துவிடும். பருவமழையின் காலம் பிறழுமாயின் முதலில் குலைவது மரத்திற்கும் விலங்கிற்கும் இடையிலான இக்கால இயைபே ஆகலாம். மரங்கள் நெடுநாள் வாழ்வன; முதுமரங்கள் நிற்கும்வரை காடு செழித்திருப்பதாகவே தோன்றும். அதன் தளர்ச்சியை முன்னரே அறிய விரும்புவோர் நாற்றுகளின் எண்ணிக்கையை நோக்குதல் வேண்டும்.