பழைய மகிழுந்துகளில் மீட்டர் டயலையும் உள்விளக்கையும் மாற்றியமைத்தல்

பழைய மகிழுந்தின் டேஷ்போர்டில் உள்ள மீட்டர்களின் டயல், முள், உள்விளக்கு ஆகியவற்றை உரிமையாளர் தம் விருப்பத்துக்கும் தேவைக்கும் ஏற்ப மாற்றிக்கொள்வது, வாகன மாற்றங்களில் செலவு குறைந்த ஒன்று. இந்தியாவில் பழைய வண்டி என்றதும் நினைவுக்கு வருபவை 2014 வரை உற்பத்தியில் இருந்த அம்பாசடர், ஃபியட் 1100 வழிவந்த பிரீமியர் பத்மினி, 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 ஆகியவை. இவற்றின் தொடக்ககால மாதிரிகளின் மீட்டர்களில் கணினி கிடையாது. கேபிள், சுருள்வில், மின்தடை, பல்பு ஆகியவையே உண்டு என்பதால் கழற்றிப் பார்ப்பது எளிது.

அழகுக்காகச் செய்தாலும் கை வைக்கப்படுவது அளவுகருவியில் என்பதை மறக்கலாகாது. பெட்ரோல் முள் பொய் சொன்னால் வண்டி வழியில் நிற்கும். வெப்பநிலை முள் பொய் சொன்னால் என்ஜின் கெடும். விளக்கு கண்ணைக் கூசச் செய்தால் சாலையே தெரியாது. மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் இடையே காவிரிப் பாசனப் பகுதியில் உள்ள குத்தாலம் போன்ற ஊர்களில் கடைசியாகச் சொன்னதே பெரிய கவலை.

வேகமானி இயங்கும் விதம்

கியர்பாக்ஸிலிருந்து வரும் ஸ்பீடோ கேபிள், மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. அதைத் தொடாமல் மிக நெருக்கமாக ஓர் அலுமினியக் கிண்ணம் இருக்கும். காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் எழுவதால் கிண்ணமும் அதே திசையில் திரும்ப முயல்கிறது. மயிரிழை போன்ற சுருள்வில் அதை இழுத்துப் பிடிக்கிறது. இரண்டு விசைகளும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. ஜெர்மனியின் ஓட்டோ ஷூல்ட்ஸ் 1902இல் காப்புரிமை பெற்ற இந்த அமைப்பு, அடிப்படையில் மாறாமல் ஒரு நூற்றாண்டு ஓடியது. இந்தியாவில் இத்தகைய மீட்டர்களைச் செய்யும் தொழிலில் கோயம்புத்தூருக்குத் தனி இடம் உண்டு. அங்கு 1975இல் உற்பத்தியைத் தொடங்கிய பிரிக்கால் நிறுவனத்தின் பெயரைப் பல வண்டிகளின் மீட்டர்களில் காணலாம்.

டயலை மாற்ற முள்ளைக் கழற்றியாக வேண்டும். பெரும்பாலான பிழைகள் நுழைவது இங்கேதான். வண்டி நிற்கும்போது முள் பூஜ்யத்தின் அருகில் உள்ள சிறு ஆணியில் சாய்ந்திருக்கும். அது உண்மையான ஓய்வுநிலை அன்று. முள்ளை மெல்லத் தூக்கி ஆணியைத் தாண்டவிட்டால் இன்னும் சற்றுக் கீழே இறங்கி நிற்கும். அந்த இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்ட பிறகே கழற்ற வேண்டும். குறிக்காமல் கழற்றி, பூஜ்யத்துக்கு நேராகச் செருகினால் மீட்டர் எல்லா வேகத்திலும் தவறாகவே காட்டும். ஒரு பக்கமாக நெம்பினால் தண்டு வளையும். இரண்டு கரண்டிக் காம்புகளை இருபுறமும் கொடுத்துச் சமமாகத் தூக்குவது மெக்கானிக்குகளின் பழைய வழி, நல்ல வழியும்கூட.

மைல் கணக்கில் உள்ள பழைய வேகமானிக்குக் கிலோமீட்டர் டயல் போடும்போது எண்கள் சரியான கோணத்தில் அச்சிடப்பட வேண்டும். 40 மைல் இருந்த இடத்தில் 64 கிலோமீட்டர் வர வேண்டும். அப்படிச் செய்தாலும் தூரங்காட்டி தொடர்ந்து மைலையே எண்ணும். அதன் பல்சக்கரங்களுக்கு டயல் மாறியது தெரியாது.

முடித்த பிறகு சோதிப்பதற்குக் கருவி வேண்டியதில்லை. சாலையோரக் கிலோமீட்டர் கற்கள் போதும். முள்ளை 40இல் நிலையாக வைத்து ஓட்டினால் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு 90 விநாடி ஆக வேண்டும். 60இல் ஒரு நிமிடம். கைபேசியின் ஜி.பி.எஸ். வேகத்தோடும் ஒப்பிடலாம். இரண்டுக்கும் இன்னொருவர் உடன் வருவது நல்லது.

மற்ற முட்கள்

பெட்ரோல் அளவு, வெப்பநிலை காட்டும் முட்கள் பல பழைய வண்டிகளில் ஈருலோகப் பட்டையால் இயங்குபவை. மின்சாரத்தால் பட்டை சூடேறி வளைய, முள் நகர்கிறது. பேட்டரி அழுத்தம் ஏறி இறங்கினாலும் முள் ஆடாமலிருக்க, மீட்டரின் பின்னால் சுமார் 10 வோல்ட் தரும் ஒரு சிறு நிலைப்படுத்தி இருக்கும். மீட்டரைக் கழற்றி மாட்டும்போது அதன் எர்த் இணைப்பு விடுபட்டால் பேட்டரியின் முழு அழுத்தமும் உள்ளே போகும். இரண்டு முட்களும் ஒருசேர மேலே ஏறும். டாங்கியில் கால் பங்கு இருக்க அரைப் பங்குக்கு மேல் இருப்பதாகத் தோன்றும். இரண்டு முட்களும் சேர்ந்து பொய் சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது எர்த் ஒயரைத்தான்.

இன்னும் பழைய வண்டிகளில் வெப்பமானியையும் ரேடியேட்டர் பக்கத்தையும் ஒரு மெல்லிய செப்புக்குழாய் இணைக்கும். அதற்குள் எளிதில் ஆவியாகும் திரவம் அடைக்கப்பட்டிருக்கும். ஒயர் என்று நினைத்து அதை வெட்டிவிட்டால் மீட்டரின் கதை முடிந்தது.

உள்விளக்கு

தொழிற்சாலையிலிருந்து வந்த பல்புகள் பெரும்பாலும் 2 முதல் 5 வாட் வரையானவை. வெளிச்சம் போதவில்லையென்று 10 வாட் பல்பு போட்டால் சூட்டில் பிளாஸ்டிக் உறை நெளியும், டயல் வண்ணம் பழுப்பேறும். எல்.இ.டி. இந்தக் குறையைத் தீர்க்கிறது, ஆனால் அதற்கென்று சில குணங்கள் உண்டு.

பழைய பல்பு எல்லாப் பக்கமும் ஒளி சிந்தும். எல்.இ.டி. முன்னோக்கியே அடிப்பதால் டயலில் அங்கங்கே வெள்ளைத் திட்டுகள் விழும். பக்கவாட்டிலும் ஒளிவிடும் வகை வேண்டும். உள்ளே பச்சை வடிகட்டி இருந்தால் நீல எல்.இ.டி. ஏறக்குறைய இருட்டாகத்தான் தெரியும். எல்.இ.டி.க்குத் திசை உண்டு; எரியாவிட்டால் திருப்பிப் போட வேண்டும். 1950களின் பிரிட்டிஷ் வடிவமைப்பில் வந்த வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனையே எர்த் ஆக இருந்தது. அத்தகைய வண்டியில் இன்றைய பொருளை அப்படியே மாட்டினால் வேலை செய்யாது. வெளிச்சத்தைக் குறைக்கும் பழைய திருகு, எல்.இ.டி. மிகக் குறைந்த மின்சாரமே எடுப்பதால் அதற்குச் சரியாக மசியாது.

மாற்றக்கூடாத பல்பு ஒன்று உண்டு: சார்ஜ் எச்சரிக்கை விளக்கு. ஆல்டர்னேட்டர் உள்ள பல வண்டிகளில், சாவியைத் திருப்பியதும் இந்தப் பல்பு வழியாகச் செல்லும் சிறு மின்னோட்டமே ஆல்டர்னேட்டரை எழுப்புகிறது. 2.2 வாட் பல்பில் சுமார் 0.18 ஆம்பியர் போகும், எல்.இ.டி.யில் அதில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் பெரிது. அதனால் வண்டி ஓடியும் பேட்டரி ஏறாமல் போகலாம். அந்த ஓட்டையில் பழைய பல்பையே விட்டுவைப்பது புத்திசாலித்தனம். இடம், வலம் இரண்டுக்கும் ஒரே இண்டிகேட்டர் விளக்கு உள்ள வண்டிகளிலும் எல்.இ.டி. ஒரு பக்கத்துக்கு மட்டும் மினுக்கும்.

நிறமும் இரவுச் சாலையும்

சம்பா அறுவடைக் காலமான தை, மாசியில் டெல்டாச் சாலைகளில் இரவில் ஓட்டுவது தனி அனுபவம். தார்ச்சாலையின் பாதியில் நெல் காயும், அதைச் சுற்றி விளிம்பில் கற்கள் இருக்கும். பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர் வைக்கோல் ஏற்றிக்கொண்டு போகும். வாய்க்கால் பக்கம் தடுப்பு இருக்காது. இவற்றை முன்கூட்டியே காண இருளுக்குப் பழகிய கண் வேண்டும். கண் முழுமையாக இருளுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். பிரகாசமான ஒளி அதைச் சில விநாடிகளில் கலைத்துவிடும்.

மங்கிய ஒளியில் வேலை செய்யும் விழித்திரைச் செல்கள் நீலப்பச்சை ஒளிக்கு மிகக் கூர்மையாகவும், சிவப்புக்கு மிகக் குறைவாகவும் எதிர்வினை காட்டுகின்றன. அதனால் கடைகளில் அதிகம் கேட்கப்படும் குளிர்ந்த நீலமும் பளீர் வெள்ளையுமே இரவுப் பார்வைக்கு மிகுந்த இடையூறு. முன்கண்ணாடியிலும் டயலின் நிழல் மிதக்கும். சிவப்பு கண்ணைக் கெடுக்காது. ஆனால் எச்சரிக்கை விளக்குகளும் சிவப்பு என்பதால் அவை தனித்துத் தெரியாமல் போகும். வெள்ளெழுத்து உள்ளவர்களுக்குச் சிவப்பு எண்களைப் படிப்பதும் கடினம். மங்கலான ஆரஞ்சு மஞ்சள் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. பழைய பல்பின் நிறமும் கிட்டத்தட்ட அதுதான் என்பது வேடிக்கை.

டயல் முழுவதும் சீராக ஒளிரும் மின்னொளிர் தாள்களும் கிடைக்கின்றன. 1960இல் கிரைஸ்லர் வண்டிகளில் வந்த உத்தி இது. சுமார் 100 வோல்ட் மாறுமின்னோட்டம் தரும் சிறு இன்வெர்ட்டர் இதற்குத் தேவை.

டெல்டாவுக்கே உரிய இரு தொல்லைகளையும் சொல்ல வேண்டும். மழைக்கால ஈரத்தில் பித்தளை ஹோல்டர்கள் களிம்பேறும். புதுப் பல்பு போட்டும் எரியாவிட்டால் காரணம் பெரும்பாலும் இதுவே, உப்புத்தாளால் தேய்த்தால் சரியாகும். அறுவடை முடிந்து வயல் எலிகள் இரை தேடி ஊருக்குள் வரும்போது, அதிகம் ஓடாத வண்டியின் டேஷ்போர்டு அவற்றுக்கு நல்ல புகலிடம். டயல் மாற்றத் திறக்கும் நாளில் ஒயர்களையும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

சட்டநிலை

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழ் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. டயலின் நிறமும் மீட்டர் பல்பின் வகையும் அச்சான்றிதழில் இடம்பெறுவதில்லை. ஆனால் வேலை செய்யும் வேகமானி வண்டியில் இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 117ஆம் விதி. 15 ஆண்டு முடிந்த சொந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கையில் வண்டி ஆய்வுக்கும் உட்படும்.

மீட்டரையே முழுதாக மாற்றினால் தூரங்காட்டியின் எண்ணும் மாறிவிடும். பழைய எண்ணைத் தேதியுடன் குறித்து வைத்து, விற்கும்போது வாங்குபவரிடம் சொல்வது முறை. 2021 ஜூலையில் வந்த விதித்திருத்தத்தின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, பெரிய மாற்றமின்றி மூல வடிவில் உள்ள வண்டிகளை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். அந்த எண்ணம் உள்ளவர்கள் கழற்றிய டயல், முள், பல்பு ஹோல்டர் அனைத்தையும் பெயரெழுதிய உறையில் போட்டு வைத்துக்கொள்கிறார்கள். சென்னை புதுப்பேட்டையில் தேடினாலும் அதே டயல் மறுபடி கிடைக்கும் என்று சொல்ல முடியாது.